ஸ்டாக் ஓவர்ஃப்ளோ: படிக்கப் போனால் சொர்க்கம், கேட்கப் போனால்?

2008இல் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கிய கேள்வி-பதில் தளம். புரோகிராமிங் சந்தேகத்தைத் தேடிப் படிக்க இதைவிடச் சுத்தமான இடம் கிடையாது. அரட்டை இல்லை, நல்ல பதில் மேலே நிற்கும். ஆனால் முதன்முதலாகக் கேள்வி போட்ட கல்லூரிப் பையனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்: மளமளவென்று டவுன்வோட் (எதிர்ப்பு வாக்கு), பிறகு யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடுவது, காரணம் என்று நாலு வரி ரெடிமேட் வாசகம்.

பழைய ஆட்களுக்குத் திமிர் என்கிறார்கள் புதியவர்கள். அசைன்மென்டை நம் தலையில் கட்ட வருகிறார்கள் என்கிறார்கள் பழையவர்கள். இரண்டுமே நடக்கிறதுதான். என் கணக்கில் பெரிய தவறு தளத்தின் வடிவமைப்பில் இருக்கிறது. வாசலில் உதவி மையம் போலத் தெரிகிறது. உள்ளே நடப்பது ஆவணக் காப்பு. கேட்பவருக்கு இன்றைக்கு எரர் போனால் போதும். பதில் சொல்பவர் மனதில் இருப்பவரோ, ஐந்து வருடம் கழித்து அதே எரரைத் தேடி வரப்போகும் யாரோ ஒருவர். ‘வணக்கம்’, ‘முன்கூட்டியே நன்றி’ எல்லாம் வெட்டப்படுவது இதனால்தான். மரியாதையாக எழுதியவருக்குச் சுருக்கென்று இருக்கும், வெட்டியவருக்கு அது வெறும் தூசி தட்டல்.

மற்றவர்கள் போடும் வாக்கால் சேரும் புள்ளிக் கணக்கும் ஒரு பக்கம் சாய்ந்தது. நெடுநாளாக இருந்துவரும் விதிப்படி அப்வோட் (ஆதரவு வாக்கு) போட 15 புள்ளி, மற்றவர் பதிவில் கமென்ட் எழுத 50, மூட வாக்களிக்க 3000 வேண்டும் (எண்களை அவ்வப்போது மாற்றிப் பார்ப்பார்கள்). ஒரு பதிலில் விளக்கம் கேட்க நினைக்கும் புதியவருக்குக் கமென்ட் உரிமை இல்லை. பதில் பெட்டியில் கேட்கிறார், ‘இது பதில் அல்ல’ என்று அழிக்கிறார்கள். இன்னொன்று: பதிலுக்கு டவுன்வோட் போட்டால் போட்டவருக்கும் 1 புள்ளி போகும். கேள்விக்குப் போட்டால் செலவே இல்லை. கை எங்கே நீளும் என்று சொல்ல வேண்டுமா?

மூடுவதற்கு 2019 வரை ஐந்து வாக்கு, அதன்பின் மூன்று. குறிப்பிட்ட டேக்கில் (கேள்வி எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல்) தங்கப் பதக்கம் உள்ளவர், டூப்ளிகேட், அதாவது ஏற்கெனவே கேட்டுப் பதில் வந்த கேள்வி, என்று தனியாளாகவே மூடலாம். 0.1 + 0.2 ஏன் சரியாக 0.3 ஆகவில்லை என்ற கேள்விக்கு இது நியாயம். ஒரே விளக்கம் எல்லோருக்கும் பொருந்தும். நல் (null) பாயின்டர் எக்ஸெப்ஷனுக்கு, அதாவது எதையும் சுட்டாத வேரியபிளைப் பயன்படுத்தினால் வரும் எரருக்கு, அப்படி இல்லை. பழைய பதில் அது என்னவென்று பொதுவாகச் சொல்லும், புதியவரின் சிக்கலோ இந்த வேரியபிள் ஏன் நல் ஆனது என்பது. வாசிக்காமலே மூடுகிறார்கள் என்ற புகாரில் நியாயம் இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

கேட்கும் முன் செய்ய வேண்டியது: 200 வரி புரோகிராமை அப்படியே ஒட்டாதீர்கள். புதிய ஃபைலில் ஒவ்வொரு பகுதியாக நீக்கிக்கொண்டே ஓட்டுங்கள். அதே எரர் வரும் மிகச் சிறிய துண்டுதான் கேள்வி. பல சமயம் பிழை அங்கேயே பிடிபட்டுவிடும். வெர்ஷன், எதிர்பார்த்த அவுட்புட், கிடைத்த அவுட்புட், முழு எரர் மெசேஜ் எல்லாம் எழுத்தாக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் போட்டால் எதிர்ப்பு வருவது முரட்டுத்தனம் அல்ல. படத்திலிருந்து புரோகிராமை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, தேடலிலும் சிக்காது. ‘எந்த ஃபிரேம்வொர்க் நல்லது’ வகைக் கேள்வியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

மூடிவிட்டால் அழிக்காதீர்கள். மோசமான கேள்விகள் சேர்ந்தால் மேற்கொண்டு கேட்க விடாமல் தடை விழும், அழித்த கேள்விகளும் அந்தக் கணக்கில் சேரும். மீண்டும் திறக்க வைக்க வேண்டுமென்றால், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி நிறுத்தாமல் ஒரேயடியாகச் சரிசெய்யுங்கள். டூப்ளிகேட் என்றிருந்தால், காட்டிய பதில் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று எழுதுங்கள். மற்ற காரணங்களால் மூடி, மதிப்பெண் பூஜ்யமோ குறைவோ ஆகி, தேறும் பதிலும் இல்லாத கேள்வி 9 நாளில் தானாகவே காணாமல் போகும்.

நிறுவனத்துக்கும் இது தெரியாமல் இல்லை. புதியவர்களை நாங்கள் நன்றாக வரவேற்பதில்லை என்று 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ‘புதிய பங்களிப்பாளர்’ அடையாளம் வந்தது. சம்பளமில்லாமல் குப்பை அள்ளும் எங்கள் மேலா பழி என்று பழையவர்கள் கொதித்தார்கள், அதுவும் நியாயம். 2024இல் முழுமையாக வந்த ‘ஸ்டேஜிங் கிரவுண்ட்’ உருப்படியான ஏற்பாடு: புதியவரின் கேள்வியை டவுன்வோட் எட்டாத தனி அறையில் திருத்தி, பிறகு வெளியே விடுகிறார்கள். ரொம்ப முன்பே வந்திருக்க வேண்டியது. அதற்குள் எளிய சந்தேகங்கள் எல்லாம் சாட்ஜிபிடி பக்கம் போய்விட்டன.

தமிழில் கேட்க வழியில்லை. ஆங்கிலம் தவிர ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்குத்தான் தனித்தளம். ஆனால் ஆங்கிலம் சுமார் என்று தயங்க வேண்டாம். புரோகிராமும் எரர் மெசேஜும் சரியாகக் கொடுத்திருந்தால் இலக்கணத்தை யாராவது திருத்தித் தந்துவிடுவார்கள். அந்த விஷயத்தில் பழைய ஆட்கள் தாராளம்.