‘அகழெலி’ என்று சொல்லிக் காசு பறிக்கிறார்கள்

காட்பாடி, காந்தி நகர், விருதம்பட்டு பக்கம் புல்தரையோடு வீடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

பூச்சிமருந்து கம்பெனி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். நான் வேலைக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். கொரியன் புல் மேல் காலையில் குவிந்து கிடக்கும் மண்ணைப் பார்த்து நொந்துபோயிருந்த அப்பாவிடம், “சார், இது அகழெலி. மருந்துக்குச் சாகாது, அதிர்வுக்குத்தான் ஓடும்” என்று அடித்துவிட்டு, வெயிலில் சார்ஜ் ஏறி அதிரும் நாலு சோலார் குச்சியை மண்ணில் குத்தி 7,200 ரூபாய் வாங்கிப் போய்விட்டார். ரசீதில் ஒரு வருட வாரண்டி உண்டு. முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

அகழெலி, அதாவது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ‘மோல்’, வேலூரில் கிடையவே கிடையாது. இந்தியாவில் அது இருப்பது கிழக்கு இமயமலை, வடகிழக்குப் பக்கம்தான். அது மண்புழுவும் புழு பூச்சியும் தின்கிற பிராணி. எங்கள் வளையைத் தோண்டினால் வேர்க்கடலைத் தோலும் நாய்க்கு வைத்த சோறும் கிடந்தன. பெருச்சாளி வேலை, வேறென்ன? குச்சி விட்டுவிட்டு கிர்ரென்று கத்திக்கொண்டிருக்க, அதன் காலடியிலேயே சலித்துப் போட்ட மாதிரி புது மண். குச்சியே சாய்ந்துவிட்டது!

அப்பா போனில் சத்தம் போட்டதும் அந்த ஆள் மறுபடி வந்தார். அப்போது நான் வீட்டில் இருந்தேன். இந்த முறை வளைக்குள் மாத்திரை போடுகிறாராம், தனிக் கட்டணமாம். டப்பாவை வாங்கிப் பார்த்தால் அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும், ஆளையே கொல்லும். பொதுமக்களுக்கு விற்கவே தடை உள்ள சரக்கு. அந்த வளையோ அம்மா படுக்கும் அறை ஜன்னலுக்கு நேர் கீழே! வாசலோடு அனுப்பிவிட்டேன். அதன்பின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அப்புறம் சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் மூடினோம். காலையில் திறந்திருந்த வளையில்தான் ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம். அதன் வாயில் பெரிய இரும்புக் கூண்டு, உள்ளே சுட்ட கருவாடு. மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வருகிறவரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். இந்தத் தொழில் செய்ய 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். எங்களிடம் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இப்போது சத்துவாச்சாரியில் அதே குச்சியோடு சுற்றுவதாகக் கேள்வி. உங்களிடமும் ரசீது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.