மஞ்சள் கண்டாங்கிச் சேலை, ஒன்றரை வருடம் உடுத்திப் பார்த்ததில்

காரைக்குடியில் தறி போட்டிருக்கும் வீட்டிலேயே எடுத்தேன். மஞ்சளில் கட்டம், அரக்குக் கரை, 1,450 ரூபாய். ரவிக்கைத் துணி கிடையாது. 2019இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, விசைத்தறிச் சேலையை அந்தப் பேரில் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. தறியைக் கண்ணால் பார்த்து எடுத்தால் நிம்மதி.

அழகுக்காக எடுக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து அது திரும்பி வராமலிருக்க டாமாக்சிஃபென் என்கிற ஹார்மோன் தடுப்பு மாத்திரை தினமும் 20 மில்லிகிராம் போடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சில் கிளம்பி, கழுத்து, காது என்று குப்பென்று ஏறும். நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் சுகம், அப்புறம் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இந்தக் காந்தலுக்குக் கண்டாங்கி தேவலை. வேர்வையைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் காய்கிறது. முதலில் முரடாக இருக்கும், நாலைந்து அலசலில் பதமாகிவிடும். குறை என்றால் சாயம். முதல் தடவை வாளித் தண்ணீர் முழுக்கச் சிவந்துபோனது. கல் உப்பில் ஊறவைத்தும் அடுத்த முறை கொஞ்சம் விட்டது. தனியாகத்தான் அலச வேண்டும்.

சேலை எடுக்கும்போதே எனக்கு வேர்த்துக் கொட்டியது. தறிக்கார வீட்டு அக்கா, "உங்களுக்கும் நின்னுருச்சா? எனக்கும் இப்படித்தான் காந்துச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். வயது 47, கீமோ நடக்கும்போது நின்ற தீட்டு அப்புறம் வரவே இல்லை. ஒரு வருடம் வராவிட்டால் நின்றுவிட்டதாகக் கணக்கு என்று கேள்விப்பட்டிருந்ததால், 14 மாதம் ஆனதும் மிச்சமிருந்த நாப்கினைக்கூடத் தங்கச்சி மகளிடம் கொடுத்துவிட்டேன்.

பதினைந்தாம் மாதம் ஒரு காலையில் மஞ்சள் கட்டத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறை.

பயந்துபோய் மதுரைக்கு ஓடினேன். டாமாக்சிஃபென் போடும்போது இப்படிப் பட்டால் சும்மா விடக்கூடாதாம், கருப்பையின் உள்தோலைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லை. அப்புறம் டாக்டரம்மா சொன்னதுதான் எனக்குப் புதிது. "மாசத்தை எண்ணாதீங்கம்மா. கீமோவும் மாத்திரையும் தீட்டை நிறுத்தி வைக்கும், ஆனா சினைப்பை உள்ளே வேலை செஞ்சுகிட்டே இருக்கலாம். காந்தலும் மாத்திரையாலேயே வரும்." சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ரடயால் என்கிற இரண்டு ஹார்மோனையும் ரத்தத்தில் பார்த்தார்கள். எஸ்ட்ரடயால், தீட்டு நின்றவர்களுக்கு இருக்கிற அளவுக்கு இறங்கவே இல்லை. ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட மாட்டார்களாம், இன்னும் சில முறை பார்ப்பார்களாம்.

தீட்டு நின்றவர்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரைக்கு மாற்றுங்கள், காந்தல் குறையுமா பார்ப்போம் என்று நான் நச்சரித்திருந்தேன். சினைப்பை உயிரோடு இருக்கும்போது அதைத் தனியாகக் கொடுத்தால் பலிக்காது, சினைப்பையை இன்னும் தூண்டிவிடவும் செய்யும் என்றார். இந்த வயதிலும் கரு தங்க வழியுண்டு, மாத்திரையோடு அது ஆபத்து, கருத்தடை ஹார்மோன் இல்லாததாக இருக்கட்டும் என்றபோது வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

சேலைக்கு வருகிறேன். கறையைப் பச்சைத் தண்ணீரில் உடனே நனைத்து, பார் சோப்பைத் தேய்த்து நிழலில் போட்டேன். தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். துணி நூல் பிரியவில்லை, மஞ்சள் மங்கவில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று சாயத்துக்காக. அடுத்தது கறுப்புக் கட்டமாக எடுக்கலாம் என்றிருக்கிறேன்.