வேலை இழந்த டிவி எடிட்டருக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதுமா?

சேனலில் ஆள்குறைப்பு என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளும் நாளில், சம்பளத்தோடு எடிட் செய்யும் அறையும் போய்விடுகிறது. அந்தக் கம்ப்யூட்டர், எடியஸ் அல்லது பிரீமியர் எடிட்டிங் மென்பொருளின் லைசென்ஸ், சர்வரில் கிடந்த ஃபுட்டேஜ் எதுவும் எடிட்டருடையதல்ல. கையில் மிஞ்சுவது தொழில் மட்டும். வீட்டு லேப்டாப்பில் யூடியூப் சேனல் வேலையோ கல்யாண வீடியோவோ பிடித்துத் தொடங்க நினைப்பவர்களுக்கு, பிளாக்மேஜிக் நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அது எங்கே நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இது முப்பது நாள் சோதனைப் பதிப்பு அல்ல. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். 3840×2160 அளவில், நொடிக்கு 60 ஃபிரேம் வரை வெளியே எடுக்கலாம். காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கு மட்டுமான எஃபெக்டை இழுத்துப் போட்டால்தான் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். அந்த எஃபெக்டை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும். இப்படி ஒன்று இருக்கும்போது கிராக் செய்த மென்பொருளைத் தேடிப் போக எந்த அவசியமும் இல்லை.

பழகுவது கடினமில்லை. கீபோர்டு கஸ்டமைசேஷனில் பிரீமியர், அவிட், ஃபைனல் கட் அமைப்புகள் தயாராக இருக்கின்றன. எடியஸில் கைபழகியவர்கள் மட்டும் ஷார்ட்கட்டுகளைத் தாங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். செய்தி புல்லட்டினுக்கான வேகத்தில் வெட்டியவர்களுக்கு ரிசால்வின் எடிட் பக்கம் ஒரு வாரத்தில் வசப்படும்.

உண்மையான தலைவலி ஃபுட்டேஜில்தான் தொடங்குகிறது. சேனலில் எல்லாம் 25 ஃபிரேமில் ஒரே சீராக வரும். வெளி வாடிக்கையாளர் அனுப்புவது போனில் எடுத்தது. போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் ஒரே அளவில் நிற்பதில்லை. அதனால் இருபது நிமிடப் பேட்டியில் தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு, முடிவுக்கு வரும்போது குரலை விட்டு விலகியிருக்கும். ஆடியோவை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்வது வீண் வேலை. எடிட் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

புராஜெக்ட் செட்டிங்கில் டைம்லைன் ஃபிரேம் ரேட்டையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். கிளிப்புகள் உள்ளே வந்தபின் அது பூட்டிக்கொள்ளும். பழக்க தோஷத்தில் 25 வைத்துவிட்டு 30 ஃபிரேம் ஃபுட்டேஜைப் போட்டால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். படப்பிடிப்பு உங்கள் பொறுப்பில் இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்காது.

அடுத்தது 10-பிட் 4:2:2, அதாவது நிறத் தகவலைக் கூடுதலாகப் பதியும் வீடியோ. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பல இதை எச்.264, எச்.265 என்ற சுருக்கிய வடிவங்களில் எடுக்கின்றன. விண்டோஸில் இலவசப் பதிப்பு இதைத் திறக்காது. ஆடியோ மட்டும் வரும், படம் வராது. கோப்பு கெட்டுவிட்டதென்று பயந்து வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டாம். ஷட்டர் என்கோடரில் (இதுவும் இலவசம்) எடிட்டுக்கான டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் (DNxHR HQX) வடிவுக்கு மாற்றினால் திறக்கும். இதற்குக் கொடுக்கும் விலை டிஸ்க் இடம்: 1080 அளவில் 25 ஃபிரேமுக்கு மணிக்கு 80 ஜிபிக்கு மேல் போகும். தனி ஹார்டு டிஸ்க் இல்லாமல் கல்யாண வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். லினக்ஸில் இலவசப் பதிப்பு சாதாரண எச்.264-ஐக்கூடத் திறக்காது என்பதால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத 8 ஜிபி இயந்திரத்தில் 'ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது' என்ற அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாகவோ காலாகவோ குறைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

ஒலி அளவில் டிவி எடிட்டர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். ஒளிபரப்புக்கான -23 லுஃப்ஸ் (LUFS, ஒலியின் உரப்பைக் குறிக்கும் அலகு) அளவில் கொடுத்தால் யூடியூபில் குரல் அமுங்கிக் கேட்கும். குறைந்த ஒலியை அது ஏற்றித் தராது. ரிசால்வில் ஒலிக்கான ஃபேர்லைட் பக்கத்தில் உள்ள லவுட்னஸ் மீட்டரைப் பார்த்து -14 ஒட்டி, உச்சம் -1 தாண்டாமல் வையுங்கள்.

தமிழ் டைட்டிலுக்கு யூனிகோட் எழுத்துருவே வேண்டும். முதலில் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவருவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை இது. பிரீமியரைப் போல ரிசால்வில் புராஜெக்ட் ஒரு தனிக் கோப்பாக ஃபோல்டரில் இருக்காது. மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் இருக்கும். ஃபுட்டேஜைப் பத்திரமாக நகல் எடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள், எடிட் மொத்தத்தையும் இழக்கிறார்கள். சேனலில் இதைப் பார்த்துக்கொள்ள ஐடி ஆள் இருந்தார், இங்கே நீங்கள்தான். தினமும் வேலை முடிந்ததும் புராஜெக்டை டிஆர்பி (.drp) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். வாடிக்கையாளர் பணம் கொடுத்தபின் ஃபுட்டேஜோடு சேர்த்து ஆர்க்கைவ் செய்யுங்கள். பிரெஃபரன்ஸில் புராஜெக்ட் பேக்கப்பும் ஓடட்டும்.

வேலை தேடக் காட்டும் மாதிரி வீடியோவான ஷோரீலுக்கு ஒரு வார்த்தை: சேனலில் வெட்டிய செய்தித் தொகுப்புகளை அனுமதி கேட்காமல் சேர்க்காதீர்கள். உரிமை சேனலிடம் இருக்கிறது. பக்கத்துத் தெரு மார்க்கெட்டில் புதிதாக எடுத்து வெட்டிய இரண்டு நிமிடம் அதைவிட நன்றாகப் பேசும்.

ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே முறை கட்டணம், இரண்டு கம்ப்யூட்டரில் இயங்கும். படத்தில் உள்ள புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், குரலை இரைச்சலிலிருந்து பிரிக்கும் வாய்ஸ் ஐசோலேஷன் இரண்டும் அதில்தான். செட்டில்மென்ட் பணத்தில் முதல் மாதமே வாங்காதீர்கள். 10-பிட் ஃபுட்டேஜை மாற்றுவதற்கே வாரத்தில் ஒரு நாள் போகிறது என்ற நிலை வந்தால் வாங்குங்கள். அதுவரை பிளாக்மேஜிக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சி நூல்களில் எடிட்டர் வழிகாட்டியையும் கலர் வழிகாட்டியையும் முடியுங்கள். பாடத்துக்கான ஃபுட்டேஜும் கூடவே தருகிறார்கள். செய்தி எடிட்டர்களுக்கு வெட்டத் தெரியும், கலர் பெரும்பாலும் தெரியாது. கல்யாணத்திலும் விளம்பரத்திலும் கூலி ஏறுவது கலரில்.