வல்லெட்டாவா, தாலினா: மூன்று நாளுக்கு எந்தத் தலைநகரம்?

ஷெங்கன் விசா கையில் இருக்கிறது, பெரிய ஊர்களைப் பார்த்தாயிற்று, இன்னும் மூன்று நாள் மிச்சம். அதைச் சின்ன, பழைய தலைநகரம் ஒன்றில் கழிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பெயர் சொல்வேன்: மால்ட்டாவின் வல்லெட்டா, எஸ்தோனியாவின் தாலின். இரண்டிலும் யூரோதான். இரண்டும் கடலோரம், இரண்டிலும் கோட்டை மதில், இரண்டுக்கும் யுனெஸ்கோ பட்டியலில் இடம். ஆனால் பிறந்த விதம் வேறு. அந்த வித்தியாசம் முதலில் தெரிவது நம் காலுக்குத்தான்.

வல்லெட்டா ஒரே மூச்சில் கட்டப்பட்ட ஊர். 1565இல் ஒட்டோமான் படை மால்ட்டாவை ஏறக்குறைய நாலு மாதம் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. மறுபடியும் வந்தால் என்ன செய்வது? அடுத்த ஆண்டே, அப்போது மால்ட்டாவை ஆண்ட கத்தோலிக்கப் போர்த்துறவியர் அமைப்பான செயின்ட் ஜான் சபை வீரர்களின் தலைவர் ழான் டி வலெட் வெறும் பாறை மேட்டில் அடிக்கல் நாட்டினார். போப் அனுப்பிய பொறியாளர் லப்பரெல்லி வரைபடம் போட்டார். கட்டம் போட்ட நோட்டுப் போல நேர் நேரான தெருக்கள். நடந்துகொண்டே தலையைத் திருப்பினால், குறுக்குத் தெருவின் கடைசியில் ஒரு துண்டு நீலக் கடல். மொத்த ஊரும் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தக் குறுக்குத் தெருக்கள் படிக்கட்டாகத் துறைமுகத்தை நோக்கி இறங்கும். மூட்டு வலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். துறைமுகத்திலிருந்து மேலே பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் இருப்பது பெரிய புண்ணியம்.

தாலின் வியாபாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. கீழே ஜெர்மன் வணிகர்களின் ஊர், மேலே டூம்பேயா குன்றில் பிரபுக்களும் பிஷப்பும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நிர்வாகமே தனித்தனி. இரண்டையும் சேர்க்கும் தெருக்களின் பெயர் ‘நீண்ட கால்’, ‘குட்டைக் கால்’. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால் எங்கள் ஊர் நொண்டி நடக்கும் என்று அங்கே சொல்வார்கள். இங்கே தெரு நேராகப் போகாது. வளையும், சந்துக்குள் நுழையும், திடீரென்று ஒரு கோபுரத்தடியில் கொண்டுபோய் விடும். நகர மண்டபம் 1404இலிருந்து நிற்கிறது. அதன் எதிரே உள்ள மருந்துக்கடை பற்றி 1422லேயே பதிவு இருக்கிறது, இன்றும் மருந்து விற்கிறார்கள். வழி தவறுவதே சுகம் என்பவர்களுக்கு தாலின்தான். ஆனால் உருளைக்கல் தெருவில் சக்கரப் பெட்டியை இழுக்காதீர்கள், பாவம் அந்தச் சக்கரம்.

பருவத்தைப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். ஜூனில் தாலினில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம், டிசம்பரில் ஆறு மணி நேரம்தான். மால்ட்டாவில் ஜூலை, ஆகஸ்ட் வெயில் மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் பட்டு முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் அங்கே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாலினின் கறுப்பு ரை ரொட்டியும் வெண்ணெயும் அருமை. வல்லெட்டாவில் பட்டாணி வைத்த பஸ்டிட்ஸி, அடுக்கடுக்கான மாவுப் பலகாரம், சூடாகக் கிடைக்கும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, சைவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.

இனி, எனக்கு முக்கியமான விஷயம். இரண்டு ஊரிலும் ஒரே ஒரு ஓவியத்துக்காகவே போகலாம், இரண்டும் சாவைப் பற்றியவை.

தாலினின் நிகுலிஸ்தே தேவாலயத்தில் இருப்பது பெர்ன்ட் நோட்கேயின் ‘மரண நடனம்’. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்தது, மிஞ்சியிருப்பது ஏழரை மீட்டர். எலும்புக்கூடுகள் போப்பையும் பேரரசரையும் பேரரசியையும் கையைப் பிடித்து ஆட அழைக்கின்றன. ஒன்று பை ஊதுகுழல் வாசிக்கிறது, இன்னொன்று தோளில் சவப்பெட்டியைச் சுமக்கிறது. 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது; ஓவியத்தை முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால் தப்பியது. வெளியே வந்து டூம்பேயா ஏறினால் பிக் ஹெர்மன் கோபுரம். 1989 ஆகஸ்ட் 23 அன்று சோவியத் ஆட்சிக்கு எதிராக லிதுவேனியாவின் வில்னியஸ் வரை மக்கள் கைகோத்து நின்ற அறுநூறு கிலோமீட்டர் சங்கிலி அங்கிருந்துதான் தொடங்கியது. அன்று சாதாரண ஜனங்கள் கோத்த கையும், ஓவியத்தில் எலும்புக்கூடு பிடித்த கையும் எனக்கு ஒரே நாளில் மனத்தில் சேர்ந்துகொண்டன.

ஆனாலும் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வல்லெட்டா என்பேன். காரணம் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ.

செயின்ட் ஜான் பேராலயம் வெளியே ராணுவக் கிடங்கு மாதிரி வெறுமை, உள்ளே ஒரே தங்கம். தரை முழுக்கச் சபை வீரர்களின் கல்லறைப் பலகைகள், நானூறு அளவில். வண்ணப் பளிங்கில் எலும்புக்கூடுகள் பதித்தவை. அது கீறிவிடும் என்று ஊசிக் குதிகால் செருப்போடு உள்ளே விட மாட்டார்கள். பக்கத்துக் கூடத்தில் காரவாஜ்ஜோவின் ஓவியம்: திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படும் காட்சி, ஐந்து மீட்டருக்கும் அகலம். பாதிக்கு மேல் வெற்றுச் சுவர்தான். கீழ் மூலையில் கொலை நடக்கிறது. கழுத்திலிருந்து வழிந்த ரத்தத்தில் ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர். 1608இல் சபையில் சேர்ந்தார், சில வாரங்களிலேயே அடிதடி, சிறை, தப்பியோட்டம். டிசம்பரில், இந்த ஓவியம் தொங்கிய அதே கூடத்தில் கூடி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள்.

பார்த்த கையோடு லிஃப்டில் துறைமுகத்துக்கு இறங்கி, எதிர்க்கரை பிர்குவுக்குப் படகு ஏறுங்கள். இரண்டு முனையும் நிமிர்ந்த வண்ணப் படகு, டைசா என்பார்கள். சில நிமிடப் பயணம். முன்னால் தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நிற்கும் மதில்தான் செயின்ட் ஏஞ்சலோ கோட்டை. காரவாஜ்ஜோவை அடைத்து வைத்தது அங்கேதான். அக்டோபரில் ஒரு நாள் அந்தச் சுவரை விட்டு எப்படியோ வெளியேறி சிசிலிக்குப் போய்ச் சேர்ந்தார்.