ப்ளூஸ் மவுத் ஆர்கன்: உதட்டைக் குவிச்சு ஊதறதா, நாக்கால மூடி ஊதறதா?

அமெரிக்க கறுப்பின மக்களோட இசையான ப்ளூஸ கத்துக்கணும்னு, ஒரே கீக்கு ட்யூன் பண்ணின பத்து ஓட்டை டயட்டானிக் மவுத் ஆர்கன் கையில எடுத்தவங்க எல்லாருக்கும் முதல் வாரத்துலயே வர்ற கேள்வி இது. ஒரு ஓட்டையில மட்டும் சத்தம் வரணும்னா விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிக்கணுமா, இல்ல மூணு நாலு ஓட்டைய வாயால கவ்வி, நாக்கால இடது பக்கத்த மூடிட்டு, வலது ஓரத்து ஓட்டைக்கு மட்டும் காத்து போக விடணுமா? நான் ரெண்டும் பழகியிருக்கேன், ப்ளூஸுக்குன்னா என் ஓட்டு நாக்குக்குத்தான்.

ஆனா உதட்டுக்கும் நியாயம் இருக்கு. தனி நோட் சில நாள்லயே சுத்தமா வந்துடும். பெண்டும், அதாவது நோட்ட வளைச்சு கீழ இறக்கறதும், சீக்கிரம் பிடிபடும், ஏன்னா நாக்கு சும்மாதான இருக்கு, 4ஆவது ஓட்டையில காத்த உள்ள இழுத்துக்கிட்டே வாய 'ஈ'ல இருந்து 'ஊ'க்கு மெதுவா மாத்தினா நோட் ஒரு செமிடோன், அதாவது பக்கத்து சுருதிக்கு ஒரு படி, சறுக்கி இறங்கறது காதுக்கே தெரியும். 'தகதக'ன்னு வெட்டி வெட்டி வேகமா வாசிக்கவும் இதுதான் சுலபம், நாக்க ஓட்டை மேல வெச்சுட்டா அந்த வெட்டுற வேலைய தொண்டைதான் பார்க்கணும்.

இப்ப நாக்குக்கு வருவோம். சி கீ ஆர்கன்ல ப்ளூஸ் பெரும்பாலும் ஜி-லதான் வாசிப்பாங்க, செகண்ட் பொசிஷன்னு பேரு. அதுல 1ல இருந்து 4 வரைக்கும் ஒண்ணா உள்ள இழுத்தா அப்படியே ஜி கார்ட் வரும், அதாவது பொருந்தற சில நோட்டுகள் ஒண்ணா சேர்ந்து ஒலிக்கும். இது ரொம்ப பெரிய விஷயம், ஏன்னா நாக்கு மூடியிருக்கும்போது மெலடி, தூக்கினா பின்னாடி கார்ட், திரும்ப மூடினா மெலடி, இப்படி ஒரே ஆள் ரிதமும் சேர்த்து வாசிக்கலாம். கார்ட்ல ஆரம்பிச்சு அந்த நொடியே நாக்க பட்டுனு போட்டா ஸ்லாப், நோட்டுக்கு முன்னாடி ஒரு அடி விழுந்த மாதிரி இருக்கும். நடு ரெண்டு ஓட்டைய மட்டும் மூடிட்டு 1ஐயும் 4ஐயும் சேர்த்து இழுத்தா ஆக்டேவ், ஒரே நோட் கீழயும் மேலயும் சேர்ந்து வரும். குவிச்ச உதட்டால இந்த ஆக்டேவ் வராது, நடுவுல இருக்குறதும் சேர்ந்து கத்தும். 1950கள்ல சிகாகோல லிட்டில் வால்டர், பிக் வால்டர் ஹார்ட்டன் வாசிச்ச அந்த கனமான சத்தத்துல பாதி இந்த நாக்கு வேலைதான், பதிவுகள கவனிச்சு கேட்டா ஸ்லாப் விழற இடம் தெரியும்.

கஷ்டம் என்னன்னா பெண்ட். நாக்கு நுனி மாட்டிக்கிட்டதால பின்நாக்க வெச்சே இறக்கணும், அதுலயும் 3ஆவது ஓட்டையில மூணு செமிடோன் வரைக்கும் இறங்கும், ஒவ்வொண்ணையும் சரியா நிறுத்த எனக்கு மாசக்கணக்குல ஆச்சு. நான் ரெண்டு வருஷம் உதட்டுலயே ஓட்டிட்டு அப்புறம் மாறினேன், பழகின வாய மாத்தறது புதுசா கத்துக்கறதவிட கஷ்டமா இருந்தது, அதனாலதான் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன்.

ரெண்டு முறைக்கும் பொதுவான தொல்லை ஒண்ணு, 2ஆவது ஓட்டைய இழுத்தா சத்தமே வராது இல்ல அமுங்கி வரும், ஆர்கன் ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க, பெரும்பாலும் வேகமா இழுத்து தெரியாமலே பெண்ட் பண்ணிட்டு இருப்பீங்க. தாடைய தளர்த்தி மூச்சு விடற அளவுக்கு மெதுவா இழுங்க.

மேல 8, 9, 10ல ஊதி பெண்ட் பண்ணும்போது நானே உதட்டுக்கு மாறிடுவேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் பெண்ட உதட்டுல பிடிங்க, ஆனா ரெண்டாவது வாரத்துலயே தினமும் பத்து நிமிஷம் 1ல இருந்து 4 வரைக்கும் நாக்க போட்டு எடுத்து அந்த ஜி கார்ட் மேலயே ரிதம் ஓட்டுங்க.