கடவுளைப் பற்றி என்ன சொல்லலாம்? மைமோனிடிஸா, அக்குவினாஸா

"கடவுள் நல்லவர்" என்று சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறோம்? இடைக்காலத்தின் இரண்டு பெரிய மூளைகள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டன. நேரில் அல்ல. எகிப்தின் ஃபுஸ்தாத்தில் மருத்துவராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் 1204இல் இறந்தார். அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத்தான் இத்தாலியில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பிறந்தார். ஆனால் அவர் மைமோனிடிஸை லத்தீனில் ஊன்றிப் படித்தவர். ஏற்கும்போதும் சரி, மறுக்கும்போதும் சரி, 'ரபி மோசே' என்று (மோசே என்பது மைமோனிடிஸின் இயற்பெயர்) பெயரைச் சொல்லியே பேசுகிறார்.

மைமோனிடிஸின் கட்சி கறாரானது. கடவுளுக்கு ஒரு பண்பை ஏற்றினால் அவர் வேறு, பண்பு வேறு என்றாகிவிடும், ஒருமை உடைந்துபோகும். அதனால் 'வல்லவர்' என்றால் 'வல்லமை அற்றவர் அல்ல' என்று மட்டுமே பொருள். 'இரக்கமுள்ளவர்' என்பது அவர் செயலைக் குறிக்கிறது, இயல்பை அல்ல. இதற்கு அவர் சொல்லும் உவமை அழகானது. கப்பல் என்ற பெயரை மட்டும் கேட்டவருக்கு அது கனிமம் அல்ல, மண்ணில் முளைத்த செடி அல்ல, கதவுபோல் தட்டை அல்ல, உருண்டை அல்ல என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், கடைசியில் கப்பல் ஏறக்குறையக் கண்ணில் தெரிந்துவிடுமாம்.

எனக்கு இங்கேதான் இடிக்கிறது. கதவும் செடியும் ஏற்கெனவே தெரிந்தவருக்கு, அதே உலகத்துப் பொருளான கப்பல் பிடிபடும். கடவுள் அந்த வரிசையிலேயே இல்லை என்று சொல்பவர் மைமோனிடிஸ்தானே? யூதர்களுக்குள்ளேயே 14ஆம் நூற்றாண்டில் ஜெர்சோனிடிஸ் என்ற தத்துவவாதி, 'அல்ல, அல்ல' என்று நீக்கும் இந்த எதிர்மறை வழியை ஏற்கவில்லை.

அக்குவினாஸின் பதில் நடைமுறைக்கு நெருக்கமானது. 'உயிருள்ள கடவுள்' என்று வேண்டுகிறவர், 'உயிரற்ற பொருளைப் போன்றவர் அல்ல' என்பதையா நினைக்கிறார்? நன்மைக்குக் காரணர் என்பதால்தான் 'நல்லவர்' என்றால், உடல்களுக்கும் அவரே காரணர். அப்படியானால் 'கடவுள் ஓர் உடல்' என்றும் சொல்லலாமே என்று மடக்குகிறார். அவர் காட்டும் வழி ஒப்புமை. ஒரு விலங்கை 'ஆரோக்கியமானது' என்கிறோம், ஆரோக்கியத்தைத் தரும் மருந்தையும், அதைக் காட்டும் சிறுநீரையும்கூட அப்படியே சொல்கிறோம். பொருள் ஒன்றே அல்ல. தொடர்பே இல்லாததும் அல்ல. (மருத்துவரான மைமோனிடிஸ் இந்தச் சிறுநீர் உதாரணத்தை ரசித்திருப்பார்.)

மனிதனிடம் வரும்போது இடைவெளி இன்னும் பெரிதாகிறது. கடவுள் மனிதனைத் தன் சாயலில் படைத்தார் என்கிறது பைபிள். அந்த 'தேவ சாயல்' என்றால் மைமோனிடிஸுக்கு அறிவு மட்டும்தான். அப்படிப் பார்த்தால் மரணத்துக்குப் பின் மிஞ்சுவது, அறிந்து அறிந்து பக்குவப்பட்ட அந்த அறிவே. சாயலை அறிவில் வைப்பதில் அக்குவினாஸும் அவரோடு சேர்ந்துகொள்வார். ஆனால் ஆன்மா உடலின் வடிவம், அதாவது உடலை உயிருள்ள மனித உடலாக்குவது என்கிறார். பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்துக்குத் தான் செய்த உரையில் 'என் ஆன்மா நான் அல்ல' என்றே எழுதிவிட்டார். கடவுள் மனித உடலெடுத்தார் என்று நம்பும் மரபில் நின்றவர், உடலை எளிதில் கழற்றிப்போட முடியாது.

கடவுளைப் பற்றிய பேச்சில் மைமோனிடிஸின் தூய்மை என்னை இழுக்கிறது. மனிதன் என்று வந்தால் அக்குவினாஸ் பக்கமே சாய்வேன். மைமோனிடிஸின் சமகாலத்தவர்களுக்கும் இதே உறுத்தல் இருந்தது. இவர் உடலோடு உயிர்த்தெழுதலை நம்புகிறாரா என்று சந்தேகம் கிளம்ப, 1191இல் அதற்கென்றே தனி நூல் எழுதி, நம்புகிறேன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.