வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒரே நாய்: ஷார்ட்ஹேர், டிராட்ஹார், விஸ்லா, பிரிட்டனி

வட அமெரிக்காவில் பறவை வேட்டைக்கு நாய் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த இனம் நன்றாக வேட்டையாடும் என்று. நல்ல பெற்றோருக்குப் பிறந்த குட்டியானால் தலைப்பில் உள்ள நான்குமே நன்றாக வேட்டையாடும். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு ஜனவரி மாதத்தில்தான் தெரியும். மினசோட்டாவில் பருவம் முடிந்து, மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஏரிகள் இறுகிக் கிடக்கும்போது, நாள் முழுக்க ஓடுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட ஒரு பிராணி வரவேற்பறையில் உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த ஒப்பீட்டில் துப்பாக்கிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணைவிடச் சோபாவுக்குக் கொடுக்கும் மதிப்பெண் கூடுதல்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுயிர்களை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்று வேட்டைக்குப் போகும் தமிழர்களுக்கு மட்டும். சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நாய்கள் முதலில் விசித்திரமாகத் தோன்றும். நம் ஊர் நாய்கள் கண்ணால் கண்டு, துரத்தி, தாமே பிடிப்பவை. இவையோ மூக்கால் அறிந்து, பறவையைத் தொடாமல், சற்றுத் தொலைவிலேயே அசையாமல் நின்றுவிட வேண்டியவை. பறவையைக் கிளப்புவதும் சுடுவதும் மனிதரின் வேலை. சுட்டது விழுந்த பிறகு அதை எடுத்து வருவது மறுபடி நாயின் வேலை.

பல்திறன் வேட்டைநாய் என்ற எண்ணம் ஜெர்மனியில் வலுப்பெற்றது. பிரிட்டிஷ் பிரபுக்களிடம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நாய் இருந்தது: பறவையைக் கண்டு நிற்கப் பாயின்டரும் செட்டரும், கிளப்பிவிட ஸ்பானியல், எடுத்துவர ரிட்ரீவர். 1848 புரட்சியை ஒட்டி ஜெர்மனியில் பிரபுக்களின் வேட்டைத் தனியுரிமை உடைந்தபோது, புதிதாகத் துப்பாக்கி ஏந்திய சிறு நிலக்காரருக்கு அப்படி ஒரு பட்டாளத்தைக் கட்டி வளர்க்க வசதியில்லை. ஒரே நாய் வயலில் தேட வேண்டும், நிற்க வேண்டும், தரையிலும் தண்ணீரிலும் எடுத்துவர வேண்டும், காயம்பட்டு ஓடியதைத் தடம் பிடிக்கவும் வேண்டும். இதற்கான தேர்வுகளை நடத்தும் ஜெர்மன் கூட்டமைப்பு 1899இல் உருவானது. அதே எண்ணத்தோடு வட அமெரிக்கப் பல்திறன் வேட்டைநாய்ச் சங்கம் 1969இல் தொடங்கியது. வேட்டைக்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘நாவ்டா’ என்பார்கள்.

ஷார்ட்ஹேரும் டிராட்ஹாரும்

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான்.

ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும். எடை 20 முதல் 32 கிலோ வரை. ரோமம் குட்டை, சேற்றில் புரண்டு வந்தாலும் துண்டால் துடைத்தால் போதும், ஒட்டுமுள் அவ்வளவாகப் பிடிக்காது. இளவயதிலேயே மூக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். முதல் நாய் வளர்ப்பவரின் தடுமாற்றங்களைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். குழந்தைகளோடு நன்றாகப் பழகும். ஆனால் தள்ளாடி நடக்கும் இரண்டு வயதுப் பிள்ளையை அன்பு மிகுதியில் கீழே தள்ளிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நவம்பர் வாத்து வேட்டை இதன் பலவீனம். பனிக்கட்டி விளிம்பு கட்டிய நீரில் இரண்டு முறை நீந்திவிட்டு நாணலுக்குள் காத்திருக்கும்போது நடுங்கும். நியோப்ரீன் சட்டை போட்டுச் சமாளிக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஷார்ட்ஹேரில் இனப்பெயர் மட்டும் எதையும் உறுதிசெய்யாது என்பதுதான் வாங்குபவருக்குப் பெரிய சிக்கல். குதிரையில் ஏறிப் பின்தொடரும் போட்டிகளுக்காக வளர்க்கப்பட்ட வழி, அதாவது பரம்பரை, ஒன்று உண்டு. அந்த வழியில் வந்த நாய் அரை மைல் தொலைவில் தேடும். டகோட்டாவின் திறந்த புல்வெளியில் அது அழகு. வடக்கு மினசோட்டாவின் ஆஸ்பென் காட்டில் ரஃப்டு கிரௌஸ் என்ற காட்டுப்பறவையைத் தேடி நடப்பவருக்கோ நாய் எங்கே இருக்கிறது என்று தேடுவதே வேட்டையாகிவிடும். அந்த வேகம் வீட்டுக்குள்ளும் வரும். கண்காட்சிக்காக வளர்த்த வழி இன்னொன்று. அதில் வேட்டைத் துடிப்பு நாய்க்கு நாய் மாறும். கால்நடையாக வேட்டையாடும் குடும்பம் தேட வேண்டியது மூன்றாவது வழியை, அதாவது பல்திறன் தேர்வுகளில் தேறிய பெற்றோரின் குட்டியை.

டிராட்ஹார் இந்தச் சிக்கலுக்கு ஜெர்மானியர் கண்ட விடை. டாய்ட்ச் டிராட்ஹார் சங்கம் 1902 முதல் இயங்குகிறது. அதன் விதிப்படி, வேட்டைத் தேர்வுகளில் தேறாத நாய்க்கும், உடலமைப்பும் ரோமமும் மதிப்பிடப்படாத நாய்க்கும், இடுப்பு எக்ஸ்ரே சரியில்லாத நாய்க்கும் இனப்பெருக்கம் செய்ய அனுமதி கிடையாது. அமெரிக்காவில் அதன் கிளையும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது. அமெரிக்கக் கென்னல் கிளப்பில் பதிவாகும் ஜெர்மன் வயர்ஹேர்டு பாயின்டரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே பதிவுக்கு எந்தத் தேர்வும் நிபந்தனை இல்லை. விளம்பரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். எந்தச் சங்கத்தின் சான்றிதழ் என்று கேட்டு வாங்குங்கள்.

கம்பிபோன்ற மேல்ரோமமும் அடர்ந்த உள்ரோமமும் குளிர்நீரில் அதற்குக் கவசம். முள்புதர், கோரை, பனி எதுவும் அதைத் தடுக்காது. பல டிராட்ஹார்கள் வீட்டுக்குள் வந்ததும் ஷார்ட்ஹேரைவிட நிதானமாகப் படுத்துவிடும். தாடி தண்ணீரைச் சுமந்துவந்து சமையலறை முழுக்கச் சொட்டும் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம் அதன் கடுமை. ஜெர்மனியில் நரி, காட்டுப்பன்றி வரை இந்த நாயிடம் வேலை வாங்குகிறார்கள். இரண்டு நாள் நடக்கும் அங்கத்திய உயர்தேர்வில் நரியைத் தூக்கிக்கொண்டு வருவதும் ஒரு பாடம். அந்த இரத்தம் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்க்கும்போது சும்மா இருக்காது. வீட்டில் பூனையோ, கொல்லையில் கோழியோ, முயல் வளர்க்கும் பிள்ளையோ இருந்தால் இதை வாங்காதீர்கள். ‘சின்னதிலிருந்தே பழக்கிவிடலாம்’ என்று சொல்பவர் பெரும்பாலும் விற்பவராக இருப்பார்.

வாத்து வேட்டையே முதன்மை, பூனை இல்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயது என்றால் டிராட்ஹார். ஃபெசன்ட், கிரௌஸ் போன்ற தரைப்பறவைகள் முதன்மை, வாத்து எப்போதாவது என்றால் ஷார்ட்ஹேர். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

விஸ்லா

நான்கில் மிக அழகான நாய் இதுதான். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லார் மனத்தையும் வாங்கிவிடும். ஹங்கேரியிலிருந்து 1950இல் அமெரிக்கா வந்தது. கென்னல் கிளப் அங்கீகாரம் 1960இல். ஆளோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் குளியலறைக்குப் போனாலும் வாசலில் காத்திருக்கும். வேட்டையில் அளவாக, உங்களைக் கண்பார்வையில் வைத்தபடி தேடும். நடந்து வேட்டையாடுபவருக்கு இது வரம். கணவன், மனைவி இருவரும் காலை எட்டு மணிக்கு அலுவலகம் போய் மாலையில் திரும்பும் வீட்டில் அதே குணம் தொல்லை. தனிமையில் விட்ட விஸ்லா கதவைப் பிறாண்டும், குரைக்கும், தன்னையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். அதட்டினால் சுருங்கிப்போகும், ஒரு கடுமையான பாடத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் பறவையை விட்டே ஒதுங்கிவிட்ட நாய்களும் உண்டு. உள்ரோமம் இல்லாததால் குளிர்நீருக்கு ஷார்ட்ஹேரைவிடவும் பலவீனம். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், குரலை உயர்த்தாதவர், வாத்தில் ஆர்வம் இல்லாதவர் வாங்கலாம்.

பிரிட்டனி

பலரும் பட்டியலில் கடைசியில் வைப்பதை நான் மேலே ஏற்றுகிறேன். எடை 14 முதல் 18 கிலோதான். சின்னக் காரின் பின்சீட்டில் அடங்கும், நகர்ப்புற வீட்டிலும் இடைஞ்சல் செய்யாது, பத்து வயதுப் பெண்பிள்ளை கயிற்றைப் பிடித்து நடத்திப் போகலாம். சென்னையிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் பாட்டியும் இதைக் கண்டு ரொம்பவும் பயப்பட மாட்டார். ஷார்ட்ஹேர் எதிரே பாய்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தாலே வேறுபாடு புரியும். வுட்காக், கிரௌஸ், காடை எல்லாவற்றுக்கும் கூர்மையான நாய். ஃபெசன்டையும் தூக்கி வந்துவிடும். எட்டாத இடங்கள் இரண்டு: கனடா வாத்து போன்ற பெரிய பறவை, உறைநீர். ஆண்டுக்கு ஒருசில வார இறுதிகள் மட்டும் வேட்டைக்குப் போகும் குடும்பத்துக்கு இவை எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இழப்பே இல்லை.

இந்த நான்குக்கு வெளியே இன்னும் இரண்டு இனங்களைப் பற்றிக் கேட்பார்கள். வைமரானர் இன்று அழகுக்காக அதிகம் வளர்க்கப்படுகிறது. வேட்டை வழியைத் தேடிப்பிடிக்கப் பொறுமை வேண்டும். டச்சு வளர்ப்பாளர் கோர்தால்ஸ் வளர்த்தெடுத்த வயர்ஹேர்டு பாயின்டிங் கிரிஃபான், டிராட்ஹாரின் ரோமத்தை மென்மையான குணத்தோடு தரும். காத்திருப்புப் பட்டியல் நீளம்.

மதிப்பெண் தாளைப் படிக்கும் முறை

நாவ்டாவின் முதல் தேர்வு இயல்திறன் தேர்வு. 16 மாத வயதுக்குள் எழுத வேண்டும், மொத்தம் 112 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்துக்கும் 4 வரை மதிப்பெண் இட்டு, அதைப் பாடத்தின் எடையால் பெருக்குவார்கள். மோப்பத்துக்கு எடை 6, தேடலுக்கும் நீருக்கும் 5, நிலைகொண்டு நிற்பதற்கும் வேலை ஆர்வத்துக்கும் 4, தடம் பிடிப்பதற்கும் ஒத்துழைப்புக்கும் 2. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். குடும்பத்துக்கு மிக முக்கியமான ஒத்துழைப்பு 8 மதிப்பெண்தான். அதில் பாதியை இழந்த நாயும் 108 வாங்கிவிடும். தாயும் தந்தையும் மட்டுமின்றி, முந்தைய ஈற்றின் குட்டிகள் அந்த ஒரு வரியில் என்ன வாங்கின என்று கேளுங்கள். சுபாவத்துக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் தாளில் நடுவர் குறித்திருப்பார். வெடிச்சத்தத்துக்கு அஞ்சியதா என்பதும் அதில் இருக்கும்.

பயிற்சி: நீங்களா, பயிற்சியாளரா?

பணம் கொடுத்துப் பயிற்சியாளரிடம் சில மாதம் விட்டால் நாய் பளிச்சென்று திரும்பி வரும். அவர் சொன்னால் கேட்கும். உங்கள் வீட்டில் நான்கு பேரும் நான்கு விதமாகக் கூப்பிட்டால் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். நாவ்டா கிளைகளின் பயிற்சி நாள்களுக்கு நீங்களே குட்டியோடு போவது மெதுவான வழி. ஆனால் பாடம் உங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும். முதல் ஆண்டு முழுக்க வீட்டில் வைத்து நீங்களே பழக்குங்கள் என்பதே என் கட்சி. வெளியே கொடுக்க வேண்டுமென்றால், வாயில் கவ்வியதைக் கீழே போடாமல் கொண்டுவந்து கையில் கொடுக்கும் பாடத்துக்கு மட்டும், பற்கள் மாறி முடிந்த பிறகு கொடுக்கலாம். வாத்துக்கு அந்தப் பாடம் அவசியம். காட்டில் கிரௌஸ் மட்டும் சுடுபவருக்கு நாயின் இயல்பான எடுத்துவருதலே போதும்.

முதலில் பறவையா, கீழ்ப்படிதலா என்ற சண்டை வேட்டைக்காரர்களிடம் ஓயாது. என் சாய்வு பறவை பக்கம். நான்கைந்து மாதக் குட்டி புறாவைக் கண்டு துள்ளட்டும், துரத்தட்டும்; நிற்கும் பாடம் பிறகு வரும். ஆர்வத்தை அடக்குவது எளிது, அணைந்த ஆர்வத்தை ஏற்றுவது கடினம். துப்பாக்கிச் சத்தமும் அந்தத் துள்ளலோடுதான் சேர வேண்டும்: புறாவின் பின்னால் ஓடும்போது தூரத்தில் ஒரு வெற்றுத்தோட்டா, பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக அருகில். ‘பயப்படுகிறதா பார்ப்போம்’ என்று குட்டியைச் சுடும் களத்துக்கு அழைத்துப்போவதுதான் வெடிக்கு அஞ்சும் நாயை உருவாக்கும் நிச்சயமான வழி. தண்ணீருக்கும் இதே விதி. கோடையில், வெதுவெதுப்பான ஆழமற்ற ஏரிக்கரையில் நீங்களே இறங்கி நடங்கள். அது பின்னால் வரும். தூக்கி எறியாதீர்கள். மின்கழுத்துப்பட்டையை, நாய்க்கு ஏற்கெனவே தெரிந்த கட்டளையை உறுதிப்படுத்த மட்டும் பயன்படுத்த வேண்டும். விஸ்லாவுக்கு மிகமிகக் குறைவாக.

தமிழ்ப் பேசும் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. நாயை நிறுத்த வேட்டைக்காரர்கள் சொல்லும் கட்டளை ‘வோ’. பிள்ளைகள் அதே நாயை ‘வா, வா’ என்று கூப்பிட்டால் நிற்பதா வருவதா என்று அது குழம்பும். கூப்பிட ‘ஹியர்’ அல்லது விசில் என்று வீட்டார் எல்லாரும் ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, பயிற்சிக்கு இறந்த புறாவும் வாத்தும் ஃப்ரீசரில் கிடக்கும். சைவ வீட்டில் இதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவது, அல்லது காரேஜில் தனிப் பெட்டி வைப்பது, குடும்ப அமைதிக்கு நல்லது. மிச்சச் சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்கும் பழக்கமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் அதற்கு நஞ்சு. பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும்.

இனத்தையும் வளர்ப்பாளரையும் முடிவு செய்த பிறகு, ஈற்று எந்த மாதம் என்று பாருங்கள். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பிறந்த குட்டி முதல் இலையுதிர்காலத்தில் ஆறேழு மாத வயதில் காட்டுக்கு வந்துவிடும். அடுத்த கோடையின் தொடக்கத்துக்குள் இயல்திறன் தேர்வை எழுதலாம். ஆகஸ்டில் பிறந்தது முதல் பருவத்தைத் தவறவிடும். அடுத்த இலையுதிர்காலத்திலேயே தேர்வை முடித்தாக வேண்டும், டிசம்பரில் 16 மாதம் ஆகிவிடும். அதோடு, வெளியே போய் ஒன்றுக்கு இருக்கக் குட்டியைப் பழக்குவது அக்டோபரில் தொடங்கிப் பனிக்காலத்துக்குள் நீளும். மினசோட்டாவில் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கையில் குட்டியோடு பனியில் நிற்கத் தயாரில்லை என்றால் வசந்தகால ஈற்றுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருங்கள்.